சமூக ஊழிய வாரமும் எட்டாம் நாள் காலையும்

ஊழியக் குழுவின் செயலாளர் எழுதுவது:

நகரின் பழைய பகுதியில் இருக்கும் எங்கள் ஆலயத்துக்கு ஞாயிறன்று வருகிறவர்கள் வேறு, அதன் மதிற்சுவரைச் சுற்றி வாழ்கிறவர்கள் வேறு. ஆலயத்தைக் கட்டிய தலைமுறை அக்கம்பக்கத்துத் தெருக்களிலேயே குடியிருந்தது. அவர்களுடைய பிள்ளைகள் படித்து, வேலைக்குப் போய், நகரின் ஓரத்தில் வீடு வாங்கிக் குடிபெயர்ந்த பிறகு, விட்டுச்சென்ற வீடுகள் அறை அறையாகத் தடுக்கப்பட்டு வாடகைக்குப் போயின. இன்று அந்த அறைகளில் இரவுப் பணிக்குச் செல்கிறவர்களும், பிழைப்புத் தேடி வந்த குடும்பங்களும், மாடிப்படி இறங்க முடியாமல் மாதக்கணக்கில் மேலேயே இருந்துவிட்ட முதியவர்களும் இருக்கிறார்கள். அந்த அறையும் வாய்க்காதவர்கள், கடைகள் அடைத்த பின் அவற்றின் படிகளில் படுக்கிறார்கள். நாங்களோ வாரத்துக்கு ஒரு முறை வாகனத்தில் வந்து இறங்கி, ஆராதித்துவிட்டு, அதே வாகனத்தில் ஏறிப் போய்விடுகிறோம். திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு நாள் சமூக ஊழிய வாரம் நடத்துவது என்று முடிவெடுத்ததற்கு இந்த உறுத்தலே காரணம். அந்த வாரத்தில் சந்தித்தவர்களைப் பற்றி ஒவ்வொருவரும் எழுதவேண்டும் என்று கேட்டிருந்தேன். நானே தொடங்குகிறேன்.

திங்களன்று நாங்கள் யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை. இருவர் இருவராகப் பிரிந்து வீடு வீடாகச் சென்று, ஒரே ஒரு கேள்வியைக் கேட்டோம்: "இந்தத் தெருவில் எது இல்லாமல் அதிகம் சிரமப்படுகிறீர்கள்?" இயேசு தம்முடைய சீஷர்களை இரண்டிரண்டு பேராக அனுப்பியதற்கு ஆவிக்குரிய விளக்கங்கள் பல கேட்டிருக்கிறேன், விளக்கில்லாத படிக்கட்டில் நாலாவது மாடிக்கு ஏறியபோது அதன் நடைமுறை விளக்கமும் புரிந்தது. பதிலைக் குறிப்பதற்காக நான் அச்சடித்து வைத்திருந்த தாளில் உணவு, உடை, மருந்து, ஜெபம் என்று நான்கு கட்டங்கள் இருந்தன. அன்று மாலை தாள்களைச் சேர்த்துப் பார்த்தால், கட்டங்கள் பெரும்பாலும் காலியாகக் கிடந்தன. பதில்கள் எல்லாம் ஓரத்தில், இடம் கொண்ட மட்டும் நெருக்கி எழுதப்பட்டிருந்தன. பூட்டப்படாத கழிப்பறை ஒன்று வேண்டும் என்றார்கள். கைப்பேசிக்கு மின்னூட்டம் ஏற்ற இடம் வேண்டும் என்றார்கள். படியில் படுக்கிற ஒருவர், "எனக்கு ஒரு முகவரி வேண்டும்" என்றார். வீடு கேட்கிறார் என்று நினைத்து நான் தயங்கியதைக் கண்டு, அவரே பொறுமையாக விளக்கினார்: அடையாள அட்டை தொலைந்துவிட்டது, புதிய அட்டைக்கு விண்ணப்பித்தால் அதைத் தபாலில்தான் அனுப்புவார்கள், தபாலைப் பெற்றுக்கொள்ள ஒரு கதவு எண் வேண்டும், அட்டை இல்லாமல் வங்கிக் கணக்கும் இல்லை, முறையான வேலையும் இல்லை. ஒரு கதவு எண் இல்லாததால் ஒரு மனிதர் காகிதத்தில் இல்லாமலே போய்விட முடியும் என்பதை, கதவு எண் உள்ள வீட்டிலேயே பிறந்து வளர்ந்த நான் நாற்பது வயதுக்கு மேல் தெரிந்துகொண்டேன்.

செவ்வாயிலிருந்து தினமும் இரவு உணவு கொடுத்தோம். உட்கார்ந்து உண்ண முடியாதவர்களுக்கு மூடியுள்ள நெகிழி டப்பாவில் போட்டுக் கொடுத்தோம். அவற்றில் ஒன்றை மட்டும் ஒரு பெரியவர் மறுநாள் கழுவித் துடைத்து, ஈரமில்லாமல் திரும்பக் கொண்டுவந்தார். "இதைத் திருப்பித் தரவேண்டியதில்லை, ஐயா" என்று சொன்னேன். அவர் பதில் பேசாமல் டப்பாவை என் கையில் வைத்துவிட்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார். சனிக்கிழமை வரை ஒவ்வொரு நாளும் இதே கதைதான். அவருடைய பெயரை நான் கேட்கவில்லை என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

சமையற்கூடப் பொறுப்பில் இருந்தவர்:

செயலாளர் அண்ணன் உணவைப் பற்றி இரண்டு வரியில் முடித்துவிட்டார். சமைத்த எங்களுக்கு அது அவ்வளவு சுருக்கமாக முடியவில்லை. சூடான உணவை 60 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கவிடாமல் வைத்திருக்கவேண்டும் என்பதற்காக வெப்பமானியும் கையுமாக நின்றேன். வரிசையோ எனக்குப் பின்னால் வேறொரு சூட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. டோக்கன் எண்ணை நம் மொழியில் மட்டும் அறிவித்தோம். அது புரியாத இரண்டு குடும்பங்கள் தங்கள் எண் கடந்துபோனது தெரியாமல் சுவரோரம் நின்றிருக்க, பின்னால் வந்தவர்கள் வாங்கிப் போனார்கள். அந்தக் குடும்பங்களின் முறை வந்தபோது பாத்திரத்தில் அடிப்பிடித்தது மட்டும் இருந்தது. அந்த அம்மாவின் முகத்தில் கோபம்கூட இல்லை, வழக்கமாக நடப்பது நடந்தது போல இருந்தார். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மறுநாள் டோக்கனை எடுத்துவிட்டு, எல்லாரையும் மேசையில் உட்காரவைத்துப் பரிமாறினோம். வேலை இரட்டிப்பானது, தள்ளுமுள்ளு நின்றது.

செவிலியராகப் பணிபுரியும் சகோதரி:

புதன்கிழமை பிற்பகல் கால் பராமரிப்புக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. இயேசு தம் சீஷர்களின் கால்களைக் கழுவியதன் நினைவாகப் பெரிய வியாழனன்று ஆலயத்தில் பன்னிருவருக்குக் கால் கழுவும்போது, அவர்கள் எல்லாரும் வீட்டிலேயே நன்றாகக் கழுவிவிட்டு வந்திருப்பார்கள்; இது அப்படியல்ல என்று உதவிக்கு வந்த வாலிபர்களிடம் முதலிலேயே சொல்லிவைத்தேன். நாள் முழுவதும் நடந்து, இரவில் காலணியைக் கழற்றினால் திருடுபோய்விடும் என்று அதனோடே உறங்குகிறவர்களின் பாதம், ஈரத்தில் ஊறி வெளுத்து, தோல் மடிப்பு மடிப்பாக இருக்கும். அதற்கு முதல் மருந்து உலர்ந்த காலுறையும், விரல் இடுக்கு வரை துடைத்து உலரவிடுவதும்தான். தண்ணீரின் சூட்டை முழங்கையால் சோதித்துவிட்டே பாதத்தை வைக்கச் சொல்லவேண்டும், ஏனெனில் நீரிழிவால் உணர்விழந்த பாதத்துக்குச் சூடு தெரியாது, வெந்துபோன பிறகே கண்ணுக்குத் தெரியும். நெடுநேரம் ஊறவைப்பதும் கூடாது.

ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கடைசியாக வந்து, "எனக்கு ஒன்றுமில்லை, நகம் மட்டும் வெட்டிவிடுங்கள்" என்றார். இடது காலணியைக் கழற்றிக் கவிழ்த்துத் தட்டினேன், எதுவும் விழவில்லை. உள்ளே விரலை விட்டுத் தடவியபோது, அடிப்பகுதியைத் துளைத்துக்கொண்டு ஓர் ஆணியின் முனை நகக்கண் அளவுக்கு மேலே நீட்டியிருந்தது. காலுறை புண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்ததால், சலைனில் நனைத்து நனைத்துப் பிரிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. பெருவிரலுக்குக் கீழே, உடல் எடை தாங்கும் இடத்தில், குழிவிழுந்த புண். எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டேன். "எது?" என்று கேட்டார். 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழை ஒன்று எங்களிடம் உண்டு; கண்ணை மூடச் சொல்லிவிட்டு அதைப் பாதத்தில் தொட்டு, உணர்ந்தால் சொல்லச் சொல்வோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "எப்போது தொடுவீர்கள்?" என்று கேட்டபோது நான் ஐந்து இடங்களில் தொட்டு முடித்திருந்தேன்.

வலி இல்லை, ஆகவே நோயும் இல்லை என்பது அவருடைய கணக்கு. வலிதான் பாதத்தின் காவல்காரன், அவன் தூங்கிவிட்டான் என்று அவருக்குப் புரியவைத்து, சீட்டு மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பாமல் மருத்துவமனைக்குக் கூடவே போனேன். வாயிலில் அவரை மட்டும் நிறுத்திக் கேள்வி கேட்டார்கள்; நான் பக்கத்தில் நின்றதும் கேள்விகள் குறைந்துபோயின. அந்த வாரத்தில் நான் செய்த மருத்துவத்தில் பாதி, அப்படிப் பக்கத்தில் நின்றதுதான்.

மாலை வகுப்பு ஆசிரியை:

வியாழன், வெள்ளி மாலைகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தோம். எந்த நேரமும் அறையில் பெரியவர்கள் இருவர் இருக்கவேண்டும், கதவு திறந்தே இருக்கவேண்டும், பிள்ளைகளைப் படம் எடுக்கக்கூடாது என்ற விதிகளைப் போதகர் ஐயா தாமே கதவில் ஒட்டினார். படம் இல்லாமல் அறிக்கை எப்படி அனுப்புவது என்று சிலர் வருத்தப்பட்டார்கள். அவர்களுக்காக நான் வருத்தப்படவில்லை. இங்கிலாந்தின் குளொஸ்டர் நகரில் 1780-இல் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளி தொடங்கியதே, ஆறு நாளும் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகள் ஓய்வுள்ள ஒரே நாளில் எழுத்தறிய வேண்டும் என்பதற்காகத்தான். நம் வாயிலில் உள்ள பலகையில் ஞாயிறு பள்ளி என்ற பெயர் இருக்கிறது; அந்த நோக்கம் மட்டும் எங்கேயோ இறங்கிவிட்டது.

பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி, பாடப் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்த ஒரு கடிதத்தை எடுத்து, இதில் ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்லுங்கள் என்று கேட்டாள். வீட்டு உரிமையாளரின் வழக்கறிஞர் அனுப்பிய அறிவிப்பு அது. குறிப்பிட்ட தேதிக்குள் அறையைக் காலி செய்யவேண்டும் என்று எழுதியிருந்தது. அம்மாவுக்கு நம் மொழி படிக்கத் தெரியாது, ஆகவே வீட்டுக்கு வரும் எல்லாக் கடிதங்களையும் இவள்தான் படித்துச் சொல்வாளாம். அழைத்துப்போக வந்த அந்த அம்மா, கடிதம் என் கையில் இருப்பதைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கும் அந்தக் கடிதத்துக்கும் பொருந்தவில்லை. சிறுமியைத் தனியே நோக்கி, "அம்மாவிடம் என்ன சொன்னாய்?" என்று மெதுவாகக் கேட்டேன். "வாடகையை நேரத்தில் கட்டச் சொல்லியிருக்கிறார்கள் என்று சொன்னேன். அம்மாவுக்கு இந்த வாரம் இரவு வேலை, டீச்சர். வாரம் முடிந்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன்" என்றாள்.

பெரியவர்களின் துயரத்தைப் பிள்ளையின் வாய்வழியே கடத்தக்கூடாது என்று பயிற்சியில் படித்திருக்கிறேன். அந்தப் பிள்ளை அதைக் கடத்தவில்லை, தானே வைத்துக்கொண்டாள். பயிற்சிப் புத்தகத்தில் இது இல்லை. அந்த அம்மாவின் மொழி பேசும் பெண் ஒருவரை மறுநாளே வரவழைத்து, சிறுமியை வேறு அறையில் கணக்குப் போடவைத்துவிட்டு, அம்மாவிடம் முழுவதையும் சொன்னோம். இலவசச் சட்ட உதவிக்கு நேரம் வாங்கினோம். அடுத்த கூட்டத்தில் மொழிபெயர்ப்பாளர் பட்டியல் ஒன்றைத் தயாரிக்கும்படி கேட்கப்போகிறேன். சமையற்கூட அக்கா எழுதிய டோக்கன் விவகாரத்துக்கும் அதுவே வழி.

வாலிபர் குழுவிலிருந்து:

கடைப் படிகளில் படுக்கிறவர்களைச் சந்திக்க வெள்ளி இரவு நடந்து போன குழுவில் நானும் இருந்தேன். உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டியில், பார், காதுகொடுத்துக் கேள், உதவி கிடைக்கும் இடத்தோடு இணை என்று மூன்று படிகளில் முறை சொல்லப்பட்டிருப்பதை முன்தினம் கற்றுத்தந்திருந்தார்கள். படியில் அமர்ந்திருந்த ஒருவரிடம், "உங்களுக்காக ஜெபிக்கலாமா?" என்று கேட்டேன். "வேண்டாம், தம்பி. உட்கார வேண்டுமானால் உட்காருங்கள்" என்றார். நாற்பது நிமிடம் உட்கார்ந்தேன். பார்த்தேன், கேட்டேன். மூன்றாவது படிக்கு வந்தபோது மணி பதினொன்றரை. அந்த நேரத்தில் அவரை எங்கே கொண்டுபோய் இணைப்பது என்பதற்கு என்னிடமும் பதில் இல்லை, என் கையில் இருந்த தாளிலும் தொலைபேசி எண்களைத் தவிர ஒன்றும் இல்லை. எண்களில் இரண்டு அலுவலக நேரத்துக்கு மட்டும் உரியவை.

மூப்பர்களில் ஒருவர்:

பிள்ளைகள் எழுதியதையெல்லாம் படித்தேன். வரிசையில் நடந்த தவறு நமக்குப் புதியதாக இருக்கலாம், திருச்சபைக்குப் புதியதல்ல. அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தில், அன்றாடப் பகிர்வில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டுப்போகிறார்கள் என்ற முறுமுறுப்பு எழுகிறது. அதற்காக ஏழு பேரைத் தெரிந்தெடுக்கிறார்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். முறையிட்டவர்களைச் சமாதானப்படுத்தி அனுப்பாமல், பந்தி விசாரணையையே அந்தப் பக்கத்துக் கைகளில் ஒப்படைத்தார்கள் என்றே நான் அதை வாசிக்கிறேன். ஆகவே மொழிபெயர்ப்பாளர் பட்டியல் நல்ல யோசனைதான், ஆனால் போதாது. சுவரோரம் நின்ற அந்த இரண்டு குடும்பங்களில் ஒருவரிடம் வரிசையையே கொடுத்துவிடலாமா என்று செயலாளர் யோசிக்கவேண்டும்.

வாகனத்தில் வந்து போகிறோம் என்ற உறுத்தலுக்கும் முன்னோடிகள் உண்டு. கிழக்கு லண்டனில், வைட்சேப்பல் பகுதியின் புனித யூதா ஆலயத்துக்கு 1873-இல் குருவாக வந்த சாமுவேல் பார்னெட்டும் அவருடைய மனைவி ஹென்ரியெட்டாவும், 1884-இல் டாய்ன்பி ஹால் என்ற இல்லத்தைத் தொடங்கியபோது, படித்த இளைஞர்களிடம் காணிக்கை மட்டும் கேட்கவில்லை. இந்தத் தெருவில் வந்து குடியிருங்கள் என்று கேட்டார்கள். அதே கிழக்கு லண்டனில்தான் 1865-இல் வில்லியம் பூத்தின் ஊழியம் தொடங்கியது. பின்னாளில் அதுவே இரட்சணிய சேனை ஆயிற்று. தீப்பெட்டித் தொழிற்சாலைகளில் வெண்பாஸ்பரசின் ஆவியால் தொழிலாளிகளின் தாடை எலும்பு அழுகிப்போவதைக் கண்டு, அந்தச் சேனை 1891-இல் செம்பாஸ்பரசைக் கொண்டு தீக்குச்சி செய்யும் தொழிற்சாலை ஒன்றைத் தானே திறந்து, கூடுதல் கூலியும் கொடுத்தது. அது நெடுநாள் ஓடவில்லை. ஆனால் வேறு விதமாகவும் செய்ய முடியும் என்று காட்டிவிட்டது. பிரிட்டனில் வெண்பாஸ்பரஸ் தீக்குச்சிகளைத் தடைசெய்யும் சட்டம் 1908-இல் நிறைவேறியது. தாடை நோயாளிக்குக் கஞ்சி ஊற்றுவதும் ஊழியந்தான். நம் சபை அங்கேயே நின்றுவிடுகிற பழக்கமுள்ளது என்பதை நாற்பது ஆண்டு மூப்பனாக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அதில் என் பங்கும் உண்டு.

பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் சகோதரி:

நானும் எழுதலாம் என்று போதகரம்மா சொன்னதால் எழுதுகிறேன். நான் உங்கள் சபையைச் சேர்ந்தவள் அல்ல; அந்த வரிசையில் நின்றவள்.

திங்களன்று என் அறைக்கு வந்த இருவரிடம் என் பெயரையும், கணவர் இறந்ததையும், வேலை போனதையும் சொன்னேன். செவ்வாயன்று வேறு ஒருவர் அதையே கேட்டு எழுதிக்கொண்டார். புதனன்று துணி கொடுத்த இடத்தில் இன்னொருவர். ஒவ்வொரு நாளும் புதிய முகங்கள், அன்பான முகங்கள்தான், ஆனால் ஒவ்வொரு முகத்துக்கும் நான் என் கணவரை மறுபடியும் அடக்கம் செய்யவேண்டியிருந்தது. வெள்ளியன்று கேட்டபோது, "முந்தைய தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டேன். அந்தத் தங்கை பயந்துபோனாள்; அவள்மேல் கோபமில்லை.

ஞாயிறு ஆராதனைக்கு எங்களில் எட்டுப் பேர் வந்தோம். கடைசி இருக்கையில் அமர்ந்த எங்களை ஒருவர் முன்வரிசைக்கு அழைத்துச் சென்றார். பிறகு, இந்த வாரத்தின் விருந்தாளிகள் எழுந்து நிற்கும்படி அறிவிக்கப்பட்டது, எல்லாரும் கை தட்டினீர்கள். நான் எழுந்திருக்கவில்லை. என் வீட்டிலிருந்து நூறடி தூரத்தில் இருக்கும் கட்டடத்தில் நான் எப்படி விருந்தாளி ஆனேன் என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். மறுநாள் திங்கள் காலை நான் அந்த வழியே போனபோது, பூட்டிய பக்கவாசலுக்கு முன்னால் அந்தப் பெரியவர் நின்றிருந்தார். கையில் டப்பா. சனிக்கிழமை வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க ஞாயிறன்றும் வந்தாராம். கூட்டமாக இருந்ததால், ஆராதனை நேரத்தில் பாத்திரத்தோடு உள்ளே வரக் கூச்சப்பட்டுத் திரும்பிவிட்டாராம். வாசலில் வைத்துவிட்டுப் போங்கள், எடுத்துக்கொள்வார்கள் என்று சொன்னேன். "கையில் கொடுக்காமல் போனால் வாங்கிக்கொண்டு ஓடியவன் ஆகிவிடுவேன், அம்மா" என்றார். நான் திரும்பி வந்தபோது மதியம் ஆகியிருந்தது. அப்போதும் அங்கேதான், நிழலுக்குள் நகர்ந்து நின்றிருந்தார்.

செயலாளர்:

சகோதரி எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் எதையும் எழுத முடியவில்லை. ஏழு நாளுக்கு நிமிடம் நிமிடமாக அட்டவணை போட்டேன். எட்டாம் நாளுக்குப் பூட்டுச் சாவியை வாங்கி என் மேசை இழுப்பறையில் வைத்தேன். வேறு சாக்கு இல்லை.

குழு கூடி முடிவு செய்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை பக்கவாசல் திறந்திருக்கும். எப்போதும் அதே இருவர்தான் இருப்பார்கள், ஆள் மாறாது. கழிப்பறையின் பூட்டை எடுத்துவிட்டோம். சுவரில் ஆறு மின்செருகிகள் பொருத்தினோம். தபாலுக்கு ஆலய முகவரியைப் பயன்படுத்திக்கொள்ள அனுமதித்து, பெயர் எழுதிய சிறு அறைகள் கொண்ட மரப்பெட்டி ஒன்றை வாசலுக்குள் வைத்திருக்கிறோம். இப்போது பதினான்கு பெயர்கள் இருக்கின்றன. அதன் சாவி, மேலே எழுதிய சகோதரியிடம் இருக்கிறது. பேர்பேராகத் தாள் நிரப்பும் வழக்கத்தை நிறுத்திவிட்டு, ஒரே குறிப்பேட்டை வைத்திருக்கிறோம்; யாருடைய கதை எந்த அளவுக்கு அதில் ஏறவேண்டும் என்பதை அவரவரே சொல்லவேண்டும். வரிசையை மேற்பார்க்க அந்த இரண்டு குடும்பங்களில் ஒருவரைக் கேட்டோம். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். இரவு பதினொன்றரைக்கு எங்கே இணைப்பது என்ற தம்பியின் கேள்விக்கு இன்னும் வழி தெரியவில்லை.

பெரியவர் மூன்றாவது செவ்வாய்க்கிழமை வந்தார். எழுந்து போய் இரு கையாலும் டப்பாவை வாங்கிக்கொண்டு, பெயரைக் கேட்டேன். சொன்னார். என் பெயரையும் கேட்டுக்கொண்டார். பிறகுதான் டப்பாவுக்கு மூடி இல்லாததைக் கவனித்தேன். ஆனால் நான் ஒன்றும் சொல்லவில்லை. படியிறங்கப் போனவர் நின்று திரும்பி, மூடி படுக்கும் இடத்திலேயே தங்கிவிட்டது, வெள்ளிக்கிழமை கொண்டுவருகிறேன் என்றார்.